இருவர் வேலைக்கு நடுவே ஒளிந்த பிழைகள்: ராமநாதபுரம் கரையில் உருவான ஒரு ஷட்டில் ஆட்-ஆன்

ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பறப்பு சிமுலேட்டருக்காக, அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டிலை ஒரு ஆட்-ஆனாக (சிமுலேட்டரோடு சேர்த்துக்கொள்கிற கூடுதல் தொகுப்பாக) ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த ஆறு பேர் சேர்ந்து செய்து வருகிறோம். அந்த வேலையில் எங்களை ரொம்பவே அலைக்கழித்த இரண்டு பிழைகளைப் பற்றியது இந்த ஆய்வு. ஒன்று, பூமிக்குத் திரும்பும்போது ஷட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. இன்னொன்று, வீட்டில் கரண்ட் போனால் ஷட்டில் ஆட ஆரம்பித்தது. இரண்டிலுமே இன்னார் தப்பு என்று கை காட்ட ஆள் கிடையாது. ஒருவர் வேலை முடிகிற இடத்துக்கும் அடுத்தவர் வேலை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது, பிழை அங்கேதான் இருந்தது. கூட்டாக எதையாவது கட்டுகிறவர்களுக்கு இது எப்போதாவது வரத்தான் செய்யும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஏன் ஷட்டில்?

இஸ்ரோவின் புஷ்பக் 2023 ஏப்ரல் 2 அன்று சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்டு, தானாக ஓடுபாதையைப் பிடித்து இறங்கியது. 2024 மார்ச்சிலும் ஜூனிலும் மறுபடி செய்து காட்டினார்கள். சுமார் 4.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எஞ்சின் இல்லாமல் வந்து, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொடுகிற இறக்கை வண்டி அது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஆசை வந்தது. புஷ்பக்கையே செய்யலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதன் எடை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் காற்று எவ்வளவு தூக்குகிறது என்ற எண்கள் வெளியே இல்லை. ஊகித்துச் செய்தால் பார்க்க அழகாக இருக்கும், பறப்பது பொய்யாக இருக்கும். ஷட்டிலுக்கு அப்படியில்லை. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த வண்டி. விண்வெளி வீரர்களுக்கான இயக்கக் கையேடு ஆயிரம் பக்கத்துக்கு மேல், காற்றியக்க எண்கள், ஒவ்வொரு ஜெட்டும் இருக்கிற இடம், எல்லாமே பொதுவில் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆர்பிட்டரை மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்தபோது எழுதி 2000-இல் இலவசமாக வெளியிட்டார். 2021-இல் அதன் மூல நிரலையே, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டார். அதில் ஷட்டில் ஏற்கெனவே ஒன்று உண்டு, அட்லாண்டிஸ். அதற்கு மேலே போய், ஸ்பேஸ் ஷட்டில் அல்ட்ரா என்று பல நாட்டவர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்த பெரிய ஆட்-ஆனும் உண்டு. அவற்றோடு போட்டி போடுவது எங்கள் நோக்கமில்லை. வட்டப்பாதையை விட்டு இறங்குவதிலிருந்து ஓடுபாதை வரைக்குமான பகுதியை மட்டும் நாமே எண் எண்ணாகக் கட்டிப் பார்ப்போம், விளக்கம் முழுக்கத் தமிழில் இருக்கட்டும் என்பதுதான் திட்டம்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் இருக்கிற இயற்பியல் ஆசிரியர், எங்கள் எல்லோருக்கும் சார், கையேடுகளைப் படித்துக் காற்றியக்க அட்டவணைகளைத் தயார் செய்தார். தங்கச்சிமடத்துத் தம்பி பாலிடெக்னிக் மாணவன், பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் உடலை வரைந்தான். தொண்டியைச் சேர்ந்த பொறியியல் மாணவி, எங்களுக்குத் தங்கச்சி, எஞ்சின்களையும் எரிபொருள் டாங்கிகளையும் எழுதினாள். கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) துபாயில் மென்பொருள் வேலையில் இருக்கிறார், பறப்புக் கட்டுப்பாடு முழுக்க அவருடையது. ராமநாதபுரத்தில் ஃப்ளெக்ஸ் வடிவமைக்கிற நண்பர் வெப்பம் தாங்கும் ஓடுகளுக்கும் கறுப்பு மூக்குக்கும் டெக்ஸ்சர், அதாவது மேற்பரப்புப் படம், போட்டார். உச்சிப்புளியில் இருக்கிற நான் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, பறப்பு எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று சொல்கிற காட்சிக் கோப்புகளை எழுதி, பறக்கவிட்டுப் பார்க்கிற ஆள்.

எங்கிருந்து அளப்பது?

முதலில் வந்த சிக்கல் அளவுகோலில். நாசாவின் ஆவணங்கள் அங்குலத்தில் பேசும். அதில் வண்டியின் நீளவாக்கு எண் பூஜ்யம் மூக்கு நுனியில் இல்லை. மூக்குக்கும் சுமார் 238 அங்குலம் முன்னால், வெறும் வெளியில் இருக்கிறது. அங்கிருந்து வால் பக்கமாக எண் ஏறும். சரக்கு அறை 582-இல் தொடங்கி 1302-இல் முடியும், அதாவது 720 அங்குலம், 18.3 மீட்டர். பிளெண்டர் மீட்டரில் பேசும், அதில் மேல்நோக்கிய அச்சு இசட். ஆர்பிட்டரில் எக்ஸ் வலது பக்கம், ஒய் மேலே, இசட் முன்னே. போதாக்குறைக்கு அது இடக்கை அச்சு முறை, நாசாவும் பிளெண்டரும் வலக்கை. ஆக ஒரு அச்சைத் திருப்ப மறந்தால் ரோபோ கை இடப் பக்கத்துக்குப் பதிலாக வலப் பக்கம் முளைக்கும். முளைத்தது.

இதற்கு நாங்கள் ஒரு அட்டவணை போட்டோம். புள்ளி அட்டவணை என்று பெயர். பொருளின் பெயர், புத்தகத்தில் உள்ள அங்குலம், எந்தப் பக்கம், மீட்டரில் எவ்வளவு, ஆர்பிட்டர் அச்சில் எவ்வளவு, யார் பொறுப்பு. மூல எண்ணை அங்குலமாகவே வைத்திருப்போம், மீட்டருக்கு அட்டவணையே மாற்றிக்கொள்ளும், கையால் யாரும் மாற்றக் கூடாது என்பது விதி. இந்த அட்டவணையை எழுதி முடித்ததும் அடிப்படை சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். உண்மையில் அதில் ஒரு பத்தி குறைவாக இருந்தது. அது தெரிய வந்தது மூக்குத் தூக்கிய பிறகுதான்.

மூக்கு தூக்கிய கதை

ஷட்டில் திரும்பி வரும்போது 122 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மண்டலத்தைத் தொடுவதாகக் கணக்கு. அப்போது வேகம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல். மூக்கை 40 டிகிரி தூக்கி, அடிவயிற்றைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வரும். அந்த 40 டிகிரியைப் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு எஞ்சின் குழாய்களுக்குக் கீழே இருக்கிற பாடி ஃபிளாப் என்ற அகலமான பலகைக்கு. அது மேலே 11.7 டிகிரி வரையும் கீழே 22.5 டிகிரி வரையும்தான் போகும். எடை மையமும் காற்றழுத்த மையமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடைவெளியை இந்தப் பலகை நிரப்பியாக வேண்டும்.

தங்கச்சியின் எஞ்சின் பகுதி வந்து சேருவதற்கு முன்னால் எங்கள் ஷட்டில் காற்றுக்குள் ஒழுங்காக இறங்கியது. எஞ்சின் பகுதி சேர்ந்த பிறகு, வட்டப்பாதையில், பாதையை மாற்றப் பயன்படுகிற ஓஎம்எஸ் எஞ்சின்களை எரித்து வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்கினால், பாடி ஃபிளாப் கீழே போய்க்கொண்டே இருந்தது. 22.5 டிகிரியில் போய் முட்டி நின்றது. அப்புறம் இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற எலிவான் பலகைகள் கீழே வளைய ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் எல்லையைத் தொட, ஷட்டில் மூக்கைத் தூக்கி மல்லாந்தது.

இங்கேதான் எங்கள் படிப்பே எங்களுக்கு எதிரி ஆனது. 1981 ஏப்ரலில் ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் கொலம்பியாவை முதல் முறையாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. முன்கூட்டிக் கணித்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பாடி ஃபிளாப் கீழே போக வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் காற்று சூடாகி மூலக்கூறுகள் உடைய, வயிற்றின் மேல் அழுத்தம் பரவுகிற விதமே மாறிவிட்டது. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் அந்தச் சூட்டைக் கொண்டுவர முடியாததால் முன்கூட்டித் தெரியவில்லை. சாருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் சொன்னதும் எல்லோருக்கும் பெருமை. நம்ம மாடல் நிஜ வரலாற்றையே காட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டோம். காற்றியக்க அட்டவணையின் எந்தப் பதிப்பை எடுப்பது, சூட்டுத் திருத்தத்தை எந்த வேகத்திலிருந்து தொடங்குவது என்று பேச்சு அந்தப் பக்கமே ஓடியது. நிஜக் கொலம்பியா இரண்டு மடங்கு பலகையை இறக்கி, அதோடு அமைதியாக வந்து சேர்ந்தது. எங்களுடையது நிற்காமல் மோசமாகிக்கொண்டே போனது. இந்த வித்தியாசம் எண்களில் பளிச்சென்று இருந்தும் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. தெரிந்த கதைக்குள் பொருந்துகிற பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கண்டுபிடித்தவர் குழுவிலேயே இல்லாத ஒருவர். தம்பியின் சித்தப்பா பாம்பனில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் தம்பி வீட்டில் உட்கார்ந்து இறக்கத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓஎம்எஸ் எரிகிறது, டாங்கி முள் இறங்குகிறது, அப்புறம் காற்றுக்குள் வந்து வால் அமுங்கி மூக்கு தூக்குகிறது. அவர் கேட்டார்:

“சார், எண்ணெ தீந்தப்புறமும் பின்னாடி அப்படியே அமுங்கிக் கெடக்கே. டாங்கிய எங்க வச்சிருக்கீக?”

“வால்லதான்ணே, ரெண்டு பக்கமும்.”

“அப்ப எண்ணெ போனா வால் தூக்கணும்ல? வல்லத்துல டீசல் அமரத்துல இருக்கும். போகயில பின்னாடி அமுங்கும், திரும்பயில அணியம் அமுங்கும். இது போகயில இருந்த மாதிரியே திரும்புதே.”

அமரம் என்றால் படகின் பின்பக்கம், அணியம் முன்பக்கம். சார் பேசாமல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு ஓஎம்எஸ் பொதிகளிலும் சேர்த்து எரிபொருளும் ஆக்சிகரணியுமாகச் சுமார் 10 டன். அது வண்டியின் எடை மையத்திலிருந்து ஏறக்குறைய 9 மீட்டர் பின்னால் இருக்கிறது. வண்டி மொத்தம் சுமார் 100 டன். பத்தை ஒன்பதால் பெருக்கி நூறால் வகுத்தால் 0.9 மீட்டர். அதாவது டாங்கி நிறைந்திருப்பதற்கும் காலியாவதற்கும் எடை மையம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர வேண்டும். அடுத்து அவர் கையேட்டில் எடை மைய எல்லையைத் தேடினார். உடல் நீளத்தின் 65 விழுக்காட்டிலிருந்து 67.5 விழுக்காடு வரை, அங்குலத்தில் 1076.7 முதல் 1109 வரை. மொத்த அகலமே 82 சென்டிமீட்டர். 37 மீட்டர் நீள வண்டி, அதன் எடை மையம் இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான பட்டைக்குள் இருந்தால்தான் உயிரோடு வந்து சேரும். நாங்கள் அந்தப் பட்டையைவிடப் பெரிய ஒரு நகர்வைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? ஆர்பிட்டரில் எரிபொருளுக்கு எடை உண்டு, இடம் கிடையாது. எரிய எரிய மொத்த எடை தானாகக் குறையும், ஆனால் எடை மையம் நகராது. வண்டியின் பூஜ்யப் புள்ளியே எடை மையம்தான் என்பது அந்த சிமுலேட்டரின் அமைப்பு. அது நகர வேண்டுமென்றால் ஷிஃப்ட்சிஜி என்ற கட்டளையை நாம்தான் கொடுக்க வேண்டும். தங்கச்சி டாங்கியின் கொள்ளளவையும் எரிகிற வேகத்தையும் சரியாக எழுதியிருந்தாள். எடை மையம் பறப்புக் கட்டுப்பாட்டைச் சேர்ந்தது என்று அவள் நினைத்தது நியாயம். காக்கா, ஓஎம்எஸ் எரியும்போது வண்டி சுழலாமல் இருப்பதற்காக, டாங்கி நிறைந்த நிலைக்கான எடை மையத்தைப் போட்டிருந்தார். வட்டப்பாதையில் அது சரியான எண். டாங்கி எங்கே இருக்கிறது, எப்போது காலியாகிறது என்பது எஞ்சின் பகுதியின் சமாசாரம் என்று அவர் நினைத்ததும் நியாயம். இருவர் எழுதியதிலும் ஒரு வரியைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது. தப்பு இருந்தது எழுதப்படாத வரியில்.

திருத்தம் சின்னது. ஒவ்வொரு டாங்கிக்கும் புள்ளி அட்டவணையில் ஒரு இடம் கொடுத்தோம். வண்டியைத் திருப்புகிற சிறு ஜெட்டுகளின் (ஆர்சிஎஸ்) முன்பக்க டாங்கிக்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் அது மூக்கில் இருக்கிறது, அது காலியானால் மையம் எதிர்ப்பக்கம் நகரும். நிரல் எல்லாவற்றையும் கூட்டி மையத்தைக் கணக்கிடும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் சேர்ந்ததும் நகர்த்தும். ஓஎம்எஸ் எஞ்சின்களின் வாயும் புது மையத்தைப் பார்த்துத் திரும்பும், நிஜ ஷட்டிலிலும் அப்படித்தான். அதன் பிறகு பாடி ஃபிளாப் எல்லையில் போய் முட்டவில்லை. சூட்டுத் திருத்தத்தைச் சேர்த்ததும் கொலம்பியா காட்டியது போல் கூடுதலாகக் கொஞ்சம் இறங்கி நின்றது. இப்போது அது நிஜமாகவே வரலாறு.

அட்டவணையில் குறைந்த பத்தியும் அன்றைக்கே சேர்ந்தது. ‘யார் பொறுப்பு’ என்பதற்குப் பக்கத்தில் ‘யாருக்குக் கொடுக்கிறார்’. டாங்கி அளவு என்றால் தங்கச்சி பொறுப்பு, காக்காவுக்குக் கொடுக்கிறாள். இரண்டாவது பெயர் காலியாக இருக்கிற வரிசையை யாராவது ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பத்தியை நிரப்ப உட்கார்ந்தபோதே இன்னும் சில அனாதை வரிசைகள் கிடைத்தன: சக்கரம் இறங்கினால் கூடுகிற காற்றுத் தடை, வாலில் விரிந்து வேகத்தைக் குறைக்கிற ஸ்பீடு பிரேக் திறந்தால் மூக்கு எழுகிற அளவு. பிழையாக வெளியே வருவதற்கு முன்னாலேயே அவற்றுக்கு ஆள் போட்டோம்.

கரண்ட் போனால் ஆடுகிற ஷட்டில்

இரண்டாவது பிழை இதைவிட விசித்திரம். தம்பியின் லேப்டாப்பில் மட்டும், சில சமயம் மட்டும், காற்றுக்குள் வந்து, திரும்புவதற்காக ஒரு பக்கமாகச் சரிகிற முதல் சாய்வு எடுக்கும்போது ஷட்டில் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் பெரிதாகி, ஆர்சிஎஸ் எரிபொருள் தீர்ந்து, கவிழும். காக்காவிடம் சொன்னால், “நம்ம மெஷின்ல நல்லாத்தானே ஓடுது தம்பி” என்பார். பொய்யில்லை, வீடியோ அனுப்பினார், வெண்ணெய் போல் இறங்குகிறது. தம்பியும் வீடியோ அனுப்பினான், கவிழ்கிறது. ஒரே நிரல், ஒரே காட்சிக் கோப்பு.

துப்பு கொடுத்தது ஐப்பசி மழை. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் தங்கச்சிமடம் இருக்கிற பாம்பன் தீவில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். ஒரு இறக்கத்தின் நடுவில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. அது வரை அமைதியாக வந்த ஷட்டில் ஆட ஆரம்பித்தது. கரண்ட் வந்தது, ஆட்டம் அடங்கியது. தம்பி அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தான். “அண்ணே, கரண்ட் போனா ஷட்டில் ஆடுதுண்ணே.” வேறு யாராவது கேட்டால் கேலி செய்திருப்பார்கள். எனக்கு அது அவ்வளவு நேரம் கிடைக்காத ஒற்றை நூல் முனை போலத் தோன்றியது, ஏனென்றால் பேட்டரிக்கு மாறினால் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைந்தால் திரையில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறதோ அதுவும் குறையும்.

ஆர்பிட்டர் இயற்பியலைக் கணக்கிடுவது ஃப்ரேமுக்கு ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படியும் சுமார் 17 மில்லிநொடி. 12 ஃப்ரேமுக்கு இறங்கினால் 83 மில்லிநொடி. கட்டுப்பாட்டு நிரல் ஒரு படியில் ஒரு முடிவெடுத்தால் அடுத்த படி வரும் வரை அந்த முடிவு அப்படியே நிற்கும். காக்கா எழுதியது எளிமையான விதி. சுழல் வேகத்தில் எவ்வளவு பிசகு இருக்கிறதோ அதை ஒரு எண்ணால் பெருக்கி, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் முடுக்கு. வண்டி விறைப்பாகச் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெருக்கு எண்ணை உயர்த்தி வைத்திருந்தார். 25 என்று வைத்துக்கொள்வோம். 25-ஐ 0.017 நொடியால் பெருக்கினால் 0.4. அதாவது ஒரு படியில் பிசகின் பத்தில் நான்கு பங்கு சரியாகும், அடுத்த படியில் மிச்சத்தில் பத்தில் நான்கு, இப்படி அமைதியாக அடங்கிவிடும். அதே 25-ஐ 0.083-ஆல் பெருக்கினால் 2.1. பிசகைச் சரிசெய்யப் போய், அதைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் இன்னும் பெரிய பிசகை உண்டாக்கும். அடுத்த படியில் அதைவிடப் பெரிது. பெருக்கம் 2-ஐத் தாண்டிவிட்டால் ஆட்டம் வளர மட்டுமே செய்யும்.

அதிலும் முதல் சாய்வில் ஏன் தொடங்குகிறது என்பதற்குக் காரணம் உண்டு. மூக்கு 40 டிகிரி தூக்கியிருக்கும்போது பறக்கிற திசையை அச்சாக வைத்துச் சாய வேண்டுமென்றால், உடலின் அச்சில் உருள்வது மட்டும் போதாது, கூடவே மூக்கைப் பக்கவாட்டிலும் திருப்ப வேண்டும். உருளல் 0.77 பங்கு, பக்கத் திருப்பம் 0.64 பங்கு. வால் சுக்கான் அப்போது உடலின் நிழலில் இருப்பதால் பயன்படாது. பின்பக்கத்து யா (பக்கத் திருப்ப) ஜெட்டுகள்தான் அந்த வேலையைச் செய்யும், ஒலியின் வேகத்துக்கு வருகிற வரைக்கும் அவை துணைக்கு இருக்கும். இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுக்கிற இந்த நேரத்தில் சின்ன ஆட்டம்கூடப் பெரிதாகும்.

காக்காவை நம்பவைப்பதுதான் அடுத்த வேலை. பிரச்சினையை அவர் மெஷினில் அவரே பார்க்காமல் எந்த விளக்கமும் எடுபடாது, அது இயல்பு. ஆர்பிட்டரில் நேரத்தைப் பத்து மடங்கு ஓட்டுகிற வசதி இருக்கிறது. ஓட்டினால் ஒரு படியின் நீளமும் பத்து மடங்காகும். “காக்கா, முதல் சாய்வுல ஒரு தடவை பத்து மடங்கு வச்சுப் பாருங்க” என்றேன். வைத்தார். அவருடைய விலை உயர்ந்த மெஷினிலும் ஷட்டில் உடனே கவிழ்ந்தது. அப்புறம் படியின் நீளத்தை மாறாமல் நிறுத்தி வைக்கிற சோதனை அமைப்பில் 0.083 நொடி கொடுத்து, தம்பியின் வீட்டில் கரண்ட் போன நிலையைத் துபாயிலேயே உண்டாக்கினார். அன்றிலிருந்து “நம்ம மெஷின்ல நல்லா ஓடுது” என்ற பேச்சு எங்களுக்குள் நின்றுபோனது.

நிஜ ஷட்டிலுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதன் ஐந்து கணினிகளில் கட்டுப்பாட்டு நிரல் நொடிக்கு 25 தடவை, சரியாக 40 மில்லிநொடிக்கு ஒரு முறை ஓடும். எங்கள் திருத்தத்துக்கு அதையே அளவுகோலாக எடுத்தோம். படி 40 மில்லிநொடி என்று வைத்து, ஒரு படியில் பிசகின் பாதிக்கு மேல் சரிசெய்யக் கூடாது என்று முடிவு செய்தால் பெருக்கு எண் 12.5-க்கு இறங்குகிறது. படி அதைவிட நீண்டால் எண் தானாக இன்னும் குறையும். ஜெட்டுகளுக்கும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. பெரிய ஆர்சிஎஸ் ஜெட் ஒவ்வொன்றும் 3,870 நியூட்டன் தள்ளும், நிஜத்தில் அது ஒரு முறை எரிகிற மிகக் குறைந்த நேரம் 80 மில்லிநொடி. எங்கள் நிரலில் ஜெட்டைத் திறந்தால் ஒரு ஃப்ரேம் முழுக்கத் திறந்திருக்கும், அந்த ஃப்ரேம் எவ்வளவு நீளமானாலும். ஒரே ஒரு படிக்கு மட்டும் ஜெட்டின் அளவைப் பின்னமாகக் கொடுக்கிற கட்டளை ஆர்பிட்டரில் இருக்கிறது. தேவையான நேரத்தைப் படியின் நீளத்தால் வகுத்து அந்தப் பின்னத்தைக் கொடுத்தோம். தள்ளலின் மொத்த அளவு எந்த மெஷினிலும் ஒன்றாகிவிட்டது.

காக்காவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. பெருக்கு எண் பாதியானதும் வண்டி மந்தமாகிவிட்டது என்றார். உண்மைதான், முன்பு சண்டை விமானம் போலத் திரும்பியது. சார் பழைய பறப்புகளின் வரைபடங்களை எடுத்து வைத்தார். நிஜ ஷட்டில் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்கு நிதானமாகத்தான் உருண்டிருக்கிறது. 100 டன் வண்டி அப்படித்தான் திரும்பும். காக்கா அதைப் பார்த்துவிட்டு, “சரி, அப்ப இதுதான் சரி” என்று விட்டுக்கொடுத்தார். அவர் விட்டுக்கொடுத்தது எங்களுக்காக இல்லை, எண்ணுக்காக. ஒரு குழு நிலைத்து நிற்பதற்கு அந்த மனசு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு, எங்கள் நிரல் மாற்றங்களைச் சேர்த்துவைக்கிற கிட் (Git) மென்பொருளில் ஒரு விதி வந்தது. பறப்பைத் தொடுகிற எந்த மாற்றமும் தம்பியின் லேப்டாப்பில், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, முழு இறக்கம் ஓடிய பிறகுதான் பிரதான கிளையில் சேரும். ஊரில் இருக்கிற மற்ற பிள்ளைகளிடம் இருப்பதும் அந்த மாதிரி லேப்டாப்தானே.

மற்றவை

டெக்ஸ்சர் கோப்புகளில் இருவர் ஒரே நேரத்தில் கை வைத்தால் கிட் சேர்த்துத் தராது, ஒருவர் வேலை போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் “மூக்கு ஓடு என் கையில்” என்று எழுதிவிட்டுத்தான் ஃப்ளெக்ஸ் நண்பர் திறப்பார், முடித்ததும் “விட்டாச்சு” என்பார். அவ்வளவுதான் ஏற்பாடு, போதுமானதாக இருக்கிறது. ஆர்பிட்டரின் உடல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் அதைச் சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் பிளெண்டரிலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்தால் புள்ளிகளின் வரிசையே மாறிவிடலாம். அதனால் அதையும் ஒரு ஆள் கையிலேயே வைத்தோம்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் இணையத்தில் கிடைத்த ஒரு அழகான சரக்கு அறை மாடலைச் சேர்த்திருந்தோம். செய்தவரின் அனுமதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எடுத்துவிட்டோம். தம்பி மறுபடி முதலிலிருந்து வரைந்தான், அவனுக்கு அது கஷ்டமாக இருந்தது, ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாசாவின் படங்களுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமைத் தடை இல்லை. ஆனால் அதன் சின்னத்தை இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது, அதனால் ஆட்-ஆனின் அட்டைப் படத்தில் அதைப் போடவில்லை.

ஒரு காட்சிக் கோப்பு மட்டும் முழுக்க எங்கள் ஆசைக்காக எழுதியது. கேப் கனாவரலிலிருந்து நேர் கிழக்கே ஏவினால் பாதையின் சாய்வு 28.5 டிகிரி, ராமேஸ்வரமோ வடக்கே 9.3 டிகிரியில் இருக்கிறது. அதனால் சில சுற்றுகளில் பாதை நம் தலைக்கு மேலேயே வரும். 1966-இல் ஜெமினி 11-இலிருந்து எடுத்த புகழ்பெற்ற படத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்தில் தெரியும். அதே கோணத்தில் சரக்கு அறைக் கதவுகள் திறந்தபடி ஷட்டில் மன்னார் வளைகுடாவைக் கடக்கும் காட்சியை வைத்தோம். பாம்பனையும் தனுஷ்கோடி மணல் மூக்கையும் அடையாளம் காணும் அளவுக்குத் தரைப்படம் தெளிவாக இருக்க வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதம் பிடித்தாள். நாங்களும் விட்டுவிடவில்லை.

இப்போது நிற்கிற இடம்

ஓடுபாதைக்கு மேலே சுழன்று வேகத்தைக் கரைப்பது வரை நம்பகமாக ஓடுகிறது. அடுத்தது தானியங்கித் தரையிறக்கம். 135 பறப்பில் ஒன்றுகூட முழுக்கத் தானாகத் தரையைத் தொட்டதில்லை. 1982 மார்ச்சில் மூன்றாவது பறப்பில் கடைசிக் கட்டம் வரை கணினியிடம் விட்டுவிட்டு விமானி கையில் எடுத்துக்கொண்டார். சோவியத்தின் புரான்தான் 1988 நவம்பர் 15 அன்று ஆளே இல்லாமல் இறங்கிக் காட்டியது. ஆக, ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான பறப்புப் பதிவு இல்லாத பகுதி இது. சுமார் 20 டிகிரி சரிவில் பாய்ந்து வந்து, 2,000 அடிக்குக் கொஞ்சம் கீழே மூக்கைத் தூக்கத் தொடங்கி, 1.5 டிகிரி சரிவுக்கு மாறி, 300 அடி வாக்கில் சக்கரத்தை இறக்க வேண்டும். மூக்கு எழும் நேரத்திலும் சக்கரம் இறங்கும் நேரத்திலும் காற்றுத் தடை மாறும், தடை மாறினால் சரிவு மாறும்.

சரிவைப் பிடிக்கிற நிரலைத் தங்கச்சி எழுதுகிறாள், சக்கரமும் ஸ்பீடு பிரேக்கும் தம்பியிடம். அட்டவணையில் அந்த வரிசைகளுக்கு இரண்டு பெயர்களும் போட்டாயிற்று. ஒரு வரிசையில் மட்டும் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை: தரையை ஒட்டி வரும்போது இறக்கைக்குக் கீழே அடைபடும் காற்று தருகிற கூடுதல் தூக்கல், அது காற்றியக்க அட்டவணையில் வருமா, தரையிறக்க நிரலில் வருமா என்பது. சார் இந்த வாரம் கையேட்டைப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார். அவர் சொல்லி, அந்த வரிசையில் இரண்டாவது பெயர் எழுதப்படும் வரை ஒருவரும் அதற்கு நிரல் எழுதக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.